ஆறு மணி நாற்பது நிமிடப் பெட்டி

எங்கள் ஊரில் மின்சாரம் நின்ற பிறகு கருவிகளை ஓட வைப்பது, யாரோ ஒருவர் முன்பு எங்கோ காத்திருந்த நேரம். காத்திருப்பவரின் காலடியில் காலிப் பெட்டி ஒன்றை வைத்தால் அது தானாக நிரம்பும். நிரம்பிய பெட்டிகள் 'நிதானம் பவர் சிஸ்டம்ஸ்' கடையில் கிடைக்கும். பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு எனக்கு ஆன்லைனில் நேர்முகத் தேர்வு. அதே வியாழக்கிழமை எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் இருக்காது. செல்போன் டவரும் கூடவே நின்றுவிடும். தேதியை மாற்றித் தரும்படி நிறுவனத்துக்கு மூன்று முறை மின்னஞ்சல் எழுதி, மூன்று முறையும் அழித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான்தான். அதற்குத் தாசில்தார் கையெழுத்திட்ட சான்றிதழும் இருக்கிறது. ஆனால் எட்டு மாதத் தேடலில் நேர்முகம் வரை என்னை அழைத்தது இந்த ஒரு நிறுவனம் மட்டுமே.

கடையை நடத்துபவர் செண்பகவல்லி அக்கா. மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு நான் நீட்டிய தாளைப் படித்தார். ரூட்டரின் அடாப்டரில் அச்சடித்திருந்த எல்லாவற்றையும் அதில் எழுதி வைத்திருந்தேன். தயாரித்த ஆண்டு உட்பட.

"ரூட்டரை மட்டும் எழுதிட்டு வந்திருக்கற. சுவத்துல ஒரு வெள்ளைப் பெட்டி இருக்குமே, கேபிள் வந்து இறங்கறது, அது எங்க?"

"அதுவும் ஓடணுங்களாக்கா?"

"அது அணைஞ்சுட்டா ரூட்டர்ல லைட்டு மட்டும் அழகா எரியும் கண்ணு. அதைப் பாத்துட்டே உக்காந்திருக்க வேண்டியதுதான். முக்காவாசிப் பேர் இதைத்தான் மறக்கறாங்க. படிச்சவங்க கட்டாயம் மறப்பாங்க."

வீட்டுக்குப் போய் வெள்ளைப் பெட்டியின் அடாப்டரையும் பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன். இரண்டும் ஒரே அளவு இழுக்கக்கூடியவை. அதனால் இரண்டையும் சேர்த்து ஓட்டினால் ஒரு மணி நேரப் பெட்டி அரை மணி நேரம்தான் தாங்கும் என்றார் அக்கா.

பிறகு ஒவ்வொன்றாக இறக்கிக் காட்டினார். சுவரோரப் பெட்டிகள் மலிவு. போனைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தவர்களின் நேரம் அது. இருபது நிமிடம் என்று எழுதியிருந்தால் ஆறு நிமிடம்தான் தாங்கும். நடுத்தட்டில் பத்திரப்பதிவு அலுவலகப் பெட்டிகள் இருந்தன. கொள்ளளவு நிறைய. ஆனால் முணுமுணுத்துக்கொண்டே நிரப்பியவை என்பதால் ஓடும்போது அரை நிமிடத்துக்கு ஒரு தடவை கத்தும். நேர்முகத்தில் அது கேட்கும். மருத்துவமனை வராந்தாப் பெட்டிகள் கத்தாது. ஆனால் அங்கே உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிடுகிறார்கள். மின்சாரம் நின்றதும் அந்தப் பெட்டி விழித்துக்கொள்ள ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடியில் ரூட்டர் அணைந்துவிடும். மறுபடி தயாராக மூன்று நிமிடம்.

என் நேரத்தையே நிரப்பிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அக்கா ஒரு காலிப் பெட்டியை என் காலடியில் தள்ளிவிட்டு மதிய உணவுக்குப் போனார். ஒரு மணி நேரம் காத்திருந்தேன். வந்து மீட்டரை வைத்துப் பார்த்தார். நான்கு நிமிடம் காட்டியது.

"இதெல்லாம் பதறிட்டே உக்காந்திருந்த நேரம். தாங்காது. நான் இதை எடுக்கறதே இல்ல."

"சரிங்க்கா."

"டிரைவர் பெட்டி ஒண்ணே ஒண்ணு இருக்குது. பாக்கறயா?"

மேல்தட்டிலிருந்து துணியில் சுற்றிய பெட்டி ஒன்றை எடுத்தார். கார் ஓட்டுபவர்கள் காத்திருக்கும் நேரத்தைப் பற்றி அவர் பேசிய விதத்தில் ஒரு மரியாதை இருந்தது. முதலாளி எந்தக் கதவு வழியாக எப்போது வருவார் என்று தெரியாது. தூங்க முடியாது. எழுந்து போக முடியாது. வந்த கணத்தில் வண்டி கிளம்ப வேண்டும். அதனால் மின்சாரம் நின்றது ரூட்டருக்கே தெரியாமல் அந்தப் பெட்டி பொறுப்பெடுத்துக்கொள்ளும்.

ரூட்டர் ஒன்றைச் செருகி, சுவிட்சை அணைத்துக் காட்டினார். எந்த விளக்கும் சிமிட்டவில்லை. பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியின் பச்சை விளக்கு, துணியால் துடைத்ததைப் போல இடமிருந்து வலமாக ஒருமுறை மங்கித் தெளிந்தது.

என் அப்பா துரைசாமி ஒரு மில் முதலாளியிடம் கார் ஓட்டுகிறார். நிறுத்திய இடத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பக்கக் கண்ணாடியைத் துடைப்பார். தூசி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

பெட்டியின் பக்கவாட்டில் லேபிள் இருந்தது. "அரசு கலைக் கல்லூரி, சேர்க்கைக் கலந்தாய்வு, வாசல். 6 மணி 40 நிமிடம். விழித்தபடி. புகார் இல்லை." தேதியும் இருந்தது. அன்றைக்கு அப்பா என்னை வாசலில் இறக்கிவிட்டு, "நான் வண்டியை எடுத்துட்டுப் போறேன், நீ மெதுவா வா" என்று சொல்லியிருந்தார். அவர் போயிருப்பார் என்று சுற்றிப் பார்க்காமலே நான் பேருந்தில் வீடு திரும்பினேன்.

"இதையே எடுத்துக்கறேங்க்கா."

வீட்டில் ரூட்டருக்குக் கீழே பெட்டியை வைத்தேன். அப்பா வந்ததும் குனிந்து லேபிளைப் படித்தார். படித்துவிட்டு, லேபிள் சுவர்ப்பக்கம் போகும்படி பெட்டியைத் திருப்பி வைத்தார்.

"ரெண்டையும் தாங்கணுமா?"

"ஆமாப்பா."

"அப்ப பன்னெண்டு இருவதுக்கு நின்னுரும்."

"பதினொண்ணுக்கே கூப்புடுவாங்கப்பா."

"பெரிய எடத்துல சொன்ன நேரத்துக்கு யாரும் வந்து நான் பாத்ததில்ல," என்றார்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு மின்விசிறி நின்றது. ரூட்டர் நிற்கவில்லை. பத்தே முக்காலுக்குச் சுட்டியை அழுத்தி உள்ளே போனேன். 'குழுவினர் விரைவில் இணைவார்கள், காத்திருக்கவும்' என்று திரை சொன்னது. பதினொன்று ஆனது. திரை அதையே சொல்லிக்கொண்டிருந்தது. என் கால் ஆடத் தொடங்கியதால் அதைப் பெட்டியிலிருந்து தள்ளி வைத்தேன். என் நேரம் அதில் கலந்துவிடக் கூடாது.

பதினொன்றே காலுக்கு அப்பா சீருடையோடு மாடியேறி வந்தார். செருப்பை வெளியே விட்டார்.

"வண்டி எங்கப்பா?"

"கீழதான் நிக்குது. அவரு மீட்டிங்ல இருக்காரு, ரெண்டு மணிக்குத்தான் வெளிய வருவாரு. அங்க உக்காந்தா என்ன, இங்க உக்காந்தா என்ன."

பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு, பெட்டியை இரண்டு பாதங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். கைகளை ஸ்டியரிங் இருக்கும் உயரத்தில் வைத்தார். பார்வை வாசற்கதவில் இருந்தது. இரண்டு நிமிடம் குறையும் இடத்தில் ஒரு நிமிடம் நிரம்பத் தொடங்கியது. தாளில் கணக்குப் போட்டேன். ஒன்று இருபத்தைந்து வரை தாங்கும். சரிதானா என்று இரண்டாவது முறையும் போட்டேன்.

பன்னிரண்டு பத்துக்குக் குழுவினர் வந்தார்கள். மூன்று பேர். கேள்விகளுக்குத் தெரிந்தவரை சொன்னேன். தெரியாத இரண்டைத் தெரியாது என்றேன். பன்னிரண்டு இருபது ஆனபோது ஓரக்கண்ணால் பார்த்தேன். பச்சை விளக்கு ஒருமுறை துடைத்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து நடுவில் இருந்தவர் கேட்டார்.

"அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா?"

"அப்பா இருக்கார், சார்."

"பதில் எதுவும் சொல்லித் தருகிறாரா?"

"இல்லை, சார். காத்திருக்கிறார்."

மூவரும் ஒலியை அணைத்துவிட்டுத் தங்களுக்குள் பேசினார்கள். கேமராவைத் திருப்பச் சொன்னார்கள். திருப்பினேன். அப்பா அவர்களைப் பார்க்கவில்லை. கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இடப்பக்கம் இருந்தவர் தன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தரமான நேரம்," என்றார் நடுவில் இருந்தவர். "அடுத்த கேள்விக்குப் போகலாம்."

ஒன்று பத்துக்கு முடிந்தது. முடிவு தெரிய ஒரு வாரம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அப்பாவிடம் சொன்னேன்.

"ஒரு வாரமா?" என்று எழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "அப்பப் பெரிய பெட்டியா வாங்கி வெய்யி."

நான்கு மணிக்கு முதலாளி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இரவு விமான நிலையம் போக வேண்டுமாம். வந்தவர் ரூட்டருக்குக் கீழே பாயை விரித்து, படுத்த உடனே தூங்கிப்போனார். அவர் தூங்கி நான் பார்ப்பது அபூர்வம்.

ஐந்துக்கு வர வேண்டிய மின்சாரம் ஐந்தரைக்கு வந்தது. வாசலில் அதை நிறுத்தினேன். உள்ளே விட்டால் டியூப்லைட் எரியும், டிவி கத்தும்.

"அப்பா தூங்குறார். கொஞ்சம் இருங்க."

"எவ்வளவு நேரமுங்க?" என்று கேட்டது.

தெரியாது என்றேன். மின்சாரம் படிக்கட்டில் உட்கார்ந்தது. நானும் ஒரு படி தள்ளி உட்கார்ந்து, மதியமே காலியாகியிருந்த டிரைவர் பெட்டியை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தேன்.