ஊசிப்போன பேச்சு

வேப்பந்தட்டையில் வேணியின் இடது காதுக்குள் போகிற பேச்சு, மறுநாள் விடிவதற்குள் ஊசிப்போய்ச் சீழாக வெளியே வந்துவிடும். சின்ன வயதில் காதுவலிக்குப் பூண்டெண்ணெயைச் சுடச்சுட ஊற்றி, ஹேர்பின்னால் குடைந்ததில் சவ்வு ஓட்டையாகிவிட்டது. சத்தம் சவ்வில் பட்டு, அது அதிர்ந்து, பின்னால் இருக்கிற மூன்று பொடி எலும்புகளை ஆட்டி, அப்புறம் நரம்புக்குப் போக வேண்டும் என்று பெரம்பலூர் டாக்டரம்மா விளக்கினார். வேணிக்குப் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. நின்றுபோனது கெடத்தானே செய்யும். திட்டினால் கெடாது, காய்ந்து பொருக்காக உதிர்ந்துவிடும். பாசமான பேச்சுதான் சீக்கிரம் ஊசும், புழு வைக்கும்.

எல்லாரையும்விட அதிகமாகப் புழு வைத்தது அவள் அண்ணன் இளையபெருமாளின் பேச்சுதான். காதுக்குப் பின்னாலிருந்து துளி சவ்வு எடுத்து ஓட்டையை அடைத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து, அவன் தினமும் காலையில் அவள் இடது பக்கம் வந்து குனிந்து, "வெங்காயம் எடுத்ததும் ஆபரேசனுக்குப் போயிடலாம் கண்ணு" என்பான். வெங்காயம் எடுத்தார்கள், மக்காச்சோளம் ஒடித்தார்கள், மறுபடி வெங்காயம் நட்டார்கள், வருஷங்கள் ஓடின. வேணி வாசலில் தலையைச் சாய்த்தால் வெள்ளை வெள்ளையாகக் கொட்டும், கோழிகள் ஓடிவந்து கொத்தும். சொல்லவே நாக்கூசுகிறது, கோழிகள் கொழுத்துப் போய் முட்டையாக இட்டுத் தள்ளின. அண்ணி மணிமொழி அதில் ஆம்லெட் போட்டு வைத்தால் வேணி தட்டைத் தள்ளிவிட்டு வெறும் ரசத்தோடு எழுந்துவிடுவாள். ஊரில் யாருக்கும் இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. "ஒங்க வூட்டு முட்டையில கரு நல்லா செவப்பா இருக்கு" என்று கேட்டு வாங்கிப் போனார்கள்.

அப்புறம் நன்றாயிருந்த வலது காதும் மந்தமாயிற்று. பஸ் ஹாரனே காதில் விழாமல் போன அன்று வேணி நேராக அண்ணனிடம் போனாள்.

"அண்ணே, இந்தக் காதும் போவுதுண்ணே. நாளைக்கே கூட்டிட்டுப் போ."

அவள் வலது பக்கம் நின்றிருந்தவன் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தான். "வெங்காயம் எடுத்துறட்டும் கண்ணு, செல்லம்" என்று குழைந்தான். கேட்கிற காதை விட்டுவிட்டுக் கேட்காத காதில் இவன் எதற்காக இத்தனை வருஷம் கொஞ்சினான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாசலில் கோழிகள் காத்திருந்தன. சீழும் புழுவும் பழகிப்போன அவளுக்கு அண்ணன் முகத்தைப் பார்க்கத்தான் குமட்டியது.

"தீவனம் போட்டது போதும்ண்ணே" என்று சொல்லிவிட்டுத் தனியாகவே பஸ் ஏறினாள்.

இடது காதில் ஆபரேசன் நல்லபடி முடிந்து காது காய்ந்தது. வீடு திரும்பிய மறுநாள் காலை இளையபெருமாள் வழக்கம்போல் இடது பக்கம் வந்து, "வெங்காயம் எடுத்ததும் ஒனக்கு மாப்ள பாத்துடலாம் கண்ணு" என்றான். ஒரு எழுத்து விடாமல் அவளுக்குக் கேட்டது. அருவருப்பில் உடம்பு கூசியது. வாசலுக்குப் போய்த் தலையைச் சாய்த்தாள், ஒன்றும் விழவில்லை. கோழிகள் கொஞ்ச நேரம் அவள் காலடியில் நின்று பார்த்துவிட்டு இளையபெருமாளிடம் போயின. அவன் உதட்டோரத்திலிருந்து வெள்ளையாக ஒன்று நெளிந்து விழுந்தது, கோழிகள் பாய்ந்து கொத்தின. அவன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

மணிமொழி துண்டை மெதுவாக விலக்கிவிட்டாள்.

"இன்னும் ரெண்டு வார்த்த பேசுங்க" என்றாள்.