குடலிறக்கம் என்று சொல்லி வைத்தோம்

என் கணவர் தங்கராசாவுக்குக் குடலிறக்கம் வந்ததே இல்லை. ஆனால் ஹம்பேர்க்கில் எங்களைத் தெரிந்த எவரைக் கேட்டாலும், போன வருடம் அவருக்குக் குடலிறக்க ஒப்பரேஷன் நடந்தது என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொல்லி வைத்தது நாங்கள்தான். பழப்பையும் சூப்புப் போத்தலுமாக ஆஸ்பத்திரிக்கு வந்த சனத்துக்கெல்லாம் கட்டிலருகே நின்று, "மூட்டை தூக்கித் தூக்கி வந்தது" என்று நானே சொன்னேன்.

அவருக்கு வந்தது புரொஸ்டேட்டில் புற்றுநோய். வேளைக்கே கண்டுபிடித்ததால் வெட்டி எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. சனம் அறியக்கூடாது என்பதுதான் பெரிது. "ஆம்பிளையின்ரை அந்த இடத்து வருத்தம். தெரிஞ்சால் என்னைப் பாத்துச் சிரிப்பாங்கள்" என்றார். அந்தச் சிரிக்கிற ஆட்களில் பாதிப் பேர் கொண்டாட்டங்களில் மணிக்கொரு தரம் கழிப்பறைக்கு ஓடுகிறவர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் சொன்னபடியே சொன்னேன்.

எங்கள் சனம் அந்தப் பொய்யைக் கேட்டுவிட்டு மறந்துபோனது. அதை நம்பி நடந்தவர் ஒருவர்தான், குவாபெனா.

குவாபெனா கானாக்காரர். மரக்கறி மொத்தச் சந்தையில் என் கணவரோடு ஒரே களஞ்சியத்தில் வேலை. எங்கள் மகள் பிறக்க முன்பிருந்தே சிநேகிதம். அங்கே தமிழர்கள் கூப்பிடுவதைக் கேட்டு அவரும் "அண்ணை" என்றே கூப்பிடுவார், மற்றதெல்லாம் டொச் பாஷையில். ஒப்பரேஷன் முடிந்து என் கணவர் வேலைக்குத் திரும்பிய அன்றே, கையிலிருந்த வெங்காய மூட்டையைப் பறித்துவிட்டாராம். "குடலிறக்கம் திரும்பி வரும் அண்ணை. நீங்கள் எண்ணிப் பதியுங்கோ. தூக்கிறதை நான் பாக்கிறன்."

அன்றிலிருந்து இரண்டு பேரின் மூட்டையையும் அவர்தான் தூக்கினார். இவர் அதை வீட்டில் வந்து பெருமையாகச் சொல்வார். நான், "தூக்கலாம் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டாரெல்லே?" என்று கேட்டால், "இப்ப தூக்கினால் ஏன் எண்டு கேப்பான்" என்பார்.

இந்த வருடம் குளிர் விடும்போது குவாபெனாவுக்கு முதுகின் அடியில், நாரியில், நோவு தொடங்கியது. தூக்கின நோவு என்றார் அவர். தூக்கின நோவு என்றார் என் கணவர். களஞ்சியத்தில் எல்லாரும் அதையே சொன்னார்கள். இரண்டு ஆள் வேலையை ஒரு ஆள் செய்தால் நாரி நோகாமல் என்ன செய்யும்?

ஒரு சனிக்கிழமை ஸ்டேஷனுக்குப் பக்கத்து ஆபிரிக்கக் கடையில் குவாபெனாவின் மனைவி எஸியைக் கண்டேன். முகம் வாடிப்போயிருந்தாள்.

"இரவிலை எழும்பி எழும்பிப் போறார். போனாலும் சலம் ஒழுங்காய்ப் போகுதில்லையாம்" என்றாள். "டொக்டரிட்டைப் போங்கோ எண்டால், மூட்டை தூக்கின நோவுக்கு டொக்டர் எதுக்கு எண்டு கேக்கிறார். இவரின்ரை தமையனும் இப்பிடித்தான் நாரியைப் பிடிச்சுக்கொண்டு திரிஞ்சவர். ஊரிலை, குமாசியிலை செத்துப்போனார். என்ன வருத்தமெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

கையிலிருந்த சாமானை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். அறுவை முடிந்ததும் சிறுநீர் டொக்டர் சொன்னது காதில் கேட்டது. "உங்கள் தம்பிமாரை வேளைக்கே வந்து சோதிக்கச் சொல்லுங்கள். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் கவனம் வேண்டும். கறுப்பின ஆண்களுக்கும் இது கூடுதலாக வருகிறது, வயது குறைவாக இருக்கும்போதே வருகிறது. அவர்களிடம் அதை யாரும் சொல்வதில்லை." தம்பிமாரைப் பற்றிச் சொன்னதையே என் கணவர் அவர்களிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக என் கணவரிடம் சொன்னேன். "நாளைக்குப் போய் அவரிட்டைச் சொல்லுங்கோ."

"என்னத்தை?"

"உங்களுக்கு வந்ததை."

"டொக்டரிட்டைப் போ எண்டு சொல்லுறன். அது காணும்."

"அதைத்தானே எஸி நெடுகச் சொல்லுறாள். அந்தாளுக்குத் தன்ரை நாரி ஏன் நோகுதெண்டு தெரியும் எண்ட நினைப்பு. அந்த நினைப்பைக் குடுத்தது நாங்கள்."

"ஏலாது, தவம். எனக்காக ஒரு வருசம் தூக்கினவன். நான் என்ன முகத்தோடை சொல்லுறது?"

"அப்ப நான் சொல்லுறன்."

அவர் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் என்ன போகிறது என்று கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திராது.

மறுநாள் பின்னேரம் குவாபெனா வீட்டுக்குப் போனோம். இவர் கையில் ஒரு நோவெண்ணெய்ப் போத்தல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புற்றுநோய் இருக்குமோ என்று நான் பதறுகிறேன், இந்த மனுசன் எண்ணெய் பூசப் புறப்பட்டிருக்கிறார்.

குவாபெனா வரவேற்பறையில் விரிப்புப் போட்டுக் குப்புறக் கிடந்தார். எழும்ப வெளிக்கிட்டவரைத் தடுத்துவிட்டு, என் கணவர் பக்கத்தில் முழந்தாளிட்டு எண்ணெயைத் தேய்க்கத் தொடங்கினார். குசினியில் எஸி வாழைக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள். நான் கதவடியில் நின்றேன். எண்ணெய் முடிகிற மட்டும் பொறுப்பேன், அதற்குப் பிறகு நானே வாயைத் திறப்பேன் என்று முடிவு செய்தேன்.

அவர் கை ஓரிடத்தில் நின்றது.

"குவாபெனா, எனக்குக் குடலிறக்கம் இல்லை."

மிச்சத்தை எல்லாம் அந்த முதுகைப் பார்த்தே சொன்னார். இரத்தச் சோதனை, அறுவை, அதற்குப் பிறகு சலம் கசிவதால் இன்றைக்கும் உள்ளே துணி வைத்துக்கொண்டு வேலைக்கு வருவது வரை சொன்னார். என்னிடம்கூட அவ்வளவு திறந்து பேசியதில்லை. "உனக்கும் அதுவாய் இருக்கலாம். உன்ரை தமையனுக்கும் அதுவாய் இருந்திருக்கலாம். நாளைக்கே சோதி."

குவாபெனா திரும்பவில்லை. குப்புறக் கிடந்தபடியே கேட்டார். "அப்ப உங்களுக்குத் தூக்க ஏலுமாய் இருந்ததோ, அண்ணை?"

"ஓம்."

குசினியில் எஸி அடுப்பை நிறுத்திய சத்தம் கேட்டது. என் கணவர் கையை இழுத்துக்கொண்டார்.

"கையை எடுக்காதேங்கோ" என்றார் குவாபெனா. "அதிலைதான் நோகுது."

சோதனை முடிவுகள் வந்தபோது நோய் முள்ளந்தண்டு எலும்புக்குப் போயிருந்தது. ஊசியாலும் குளிசையாலும் சில வருடங்கள் கட்டிவைக்கலாம், மாற்ற முடியாது என்றார்கள். அவரைக் கூட்டிப்போனது என் கணவர்தான். ஒரு வருடம் முந்தி வந்திருந்தால் தப்பியிருப்பாரா என்று டொக்டரிடம் கேட்டிருக்கிறார். அதை யாராலும் சொல்ல முடியாது என்றாராம் டொக்டர். தப்பியிருப்பார் என்று சொல்லி இவரை ஏசியிருந்தால் இந்த மனுசன் கொஞ்சமாவது நித்திரை கொண்டிருப்பார்.

அடுத்த மாதம் கவிசா பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு மண்டபத்துக்குப் போனோம். கவிசா என் மச்சாளின் மகள். சாப்பாட்டு மேசையில் மரியரட்ணம் எங்களுக்கு எதிரே இருந்தார். அவரும் அதே சந்தையில் வேலை செய்கிறவர்.

"தங்கராசா அண்ணை, உங்களோடை திரிஞ்ச அந்தக் கறுவல் இப்ப வேலைக்கு வாறேல்லையாம். என்ன, போகக்கூடாத இடத்துக்குப் போய் ஏதும் வருத்தம் வாங்கிட்டானோ?" என்றார்.

மேசையில் இருந்த ஆம்பிளைகள் சிரித்தார்கள். எல்லாரும் எங்கள் நிறம்தான். கையிலிருந்த சொதியை மரியரட்ணத்தின் வேட்டியில் ஊற்றலாமா என்று எனக்கு ஒரு கணம் ஓடியது.

என் கணவர் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"எனக்கு வந்த வருத்தம்தான் அவனுக்கும் வந்தது" என்றார். "எனக்குக் குடலிறக்கம் இல்லை. புரொஸ்டேட்டிலை கான்சர். நீங்கள் சிரிப்பியள் எண்டு பொய் சொன்னன். அவன் அதை நம்பி என்ரை மூட்டையையும் தூக்கினவன். நான் தப்பிட்டன்."

மரியரட்ணம் தன் சோற்றைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர், எத்தனை வயதிலிருந்து சோதிக்க வேண்டும் என்று மெல்லக் கேட்டார்.

எந்தச் சிரிப்புக்குப் பயந்து ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தோமோ, அந்தச் சிரிப்பு வரவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.