கரினின் முதுகில் இருந்த வரி

மொம்பாசாவுக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் கடலைப் பார்க்கட்டும், கோட்டையைப் பார்க்கட்டும், எனக்கொன்றும் இல்லை. என் துணியைத் தொடாமல் இருந்தால் போதும்.

டென்மார்க்கிலிருந்து வந்து என் மாடி அறையில் தங்கியிருந்தாள் கரின். அன்று மதியம் கையில்லாத பனியனோடு தெருவில் இறங்கப் பார்த்தாள். "தோளை மூடிக்கிட்டுப் போம்மா. கயித்துல கங்காத் துணி கெடக்கு, ஒண்ண எடுத்துப் போத்திக்கோ" என்று நான்தான் சொன்னேன். பெட்டியில் இருந்ததையெல்லாம் வெயிலில் போட்டிருந்தது அந்த நிமிடம் மறந்துபோய்விட்டது.

எங்கள் ஊர்க் கங்காத் துணியின் ஓரத்தில் ஒரு வரி அச்சிட்டிருக்கும். வாய்விட்டுச் சொல்லக் கூடாததைத் துணியில் போர்த்திக்கொண்டு எதிரியின் வாசலில் இரண்டு தடவை நடந்தால் போதும். யாரும் சண்டைக்கு வர முடியாது. துணிதானே!

இரண்டு வருடத்துக்கு முன் எதிர்வீட்டு ஸுஹுரா ஒரு துக்கவீட்டில் நான் ஆக்கிய பிலாவ் சோறு வறண்டுகிடப்பதாகச் சொன்னாள். இறந்தவரின் பிள்ளைகளே மறுபடி மறுபடி வாங்கிச் சாப்பிட்ட பிலாவ் அது! மறுநாளே கடைக்குப் போய் ஒரு கங்கா வாங்கினேன். 'எட்டிப் பார்த்தது போதும், உன் அடுப்பைக் கவனி' என்று வரி. உடுத்துவதற்குள் பெருநாள் வந்து சமாதானமாகிவிட்டோம். துணி பெட்டிக்கு அடியில் போயிற்று.

இப்போது என் மகன் ஹமாதிக்கு அவள் மகள் சௌமுவைக் கேட்டிருந்தோம். அன்று சாயங்காலம் ஸுஹுரா பதில் சொல்ல வேண்டும்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கரின் அதே கங்காவைப் போர்த்தியபடி ஸுஹுராவின் வாசலில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தாள். பிறகு தெருவைப் படமெடுக்கத் திரும்பினாள். முதுகு ஸுஹுராவுக்கு நேராக. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள்கூடப் படித்து முடிக்கிற அளவுக்கு நின்றாள், பாவி.

ஸுஹுரா படித்தாள். நிமிர்ந்து என் ஜன்னலைப் பார்த்தாள். அங்கே நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவைப் படாரென்று சாத்தினாள்.

"என்னம்மா செஞ்ச?" என்று ஓடிவந்தான் ஹமாதி. "ஒரு பிலாவுக்காக என் கல்யாணத்தையே கெடுத்துட்டியே!"

அழுதுவிடுவான்போல் இருந்தது அவன் முகம். ஒரு எழுத்தும் இல்லாத கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்தேன்.

கதவைத் திறந்த ஸுஹுரா, "வாயில்லையா உனக்கு? வெள்ளக்காரி முதுகுல எழுதி அனுப்புறியா?" என்றாள்.

"வாங்குனது உனக்காகத்தான், பொய் சொல்லமாட்டேன். ஆனா இன்னிக்கு அனுப்புனது நானில்லடி."

முறைத்துவிட்டு உள்ளே போனாள். பெட்டி மூடி திறக்கிற சத்தம். திரும்பி வந்து என் கையில் ஒன்றைப் போட்டாள். மடிப்புக் கலையாத கங்கா. அதே நிறம், அதே வரி.

"பிலாவ் சண்டைக்கு மறுநாளு, அதே கடையில வாங்குனேன். நீ அப்பத்தான் வந்துட்டுப் போனியாம்."

"அந்தக் கடைக்காரன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!"

"ஏன் சொல்றான்? ரெண்டு வித்துச்சுல்ல?"

இருவரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். பிறகு அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"சௌமு உன் வீட்டுக்கு வருவா. ஆனா கல்யாணப் பிலாவ் நான்தான் செய்வேன். நீ அடுப்புப் பக்கமே வரக் கூடாது."

ஹமாதியின் முகத்தை நினைத்துக்கொண்டேன்.

"சரி" என்றேன். ஒரு சொல்லைச் சொல்ல நான் இவ்வளவு கஷ்டப்பட்டதே இல்லை.