ரகசிய ஆர்டர்

ஒரகடம் கூட்டுரோட்டில் பேனர் அச்சடிக்கும் செந்தாமரைக்கு, எதிர்க்கட்சியின் புதுத் தலைவர் யாரென்று ஓட்டுப் போடும் முன்பே தெரியும். போட்டியில் நின்ற தணிகாசலத்தின் ஆள் ரகுவும் மாசிலாமணியின் ஆள் யதிராஜும் கடை வாசலிலேயே சண்டை போட்டுக்கொண்டு, அவரவர் தலைவருக்கு வாழ்த்து பேனர் ஆர்டர் சொன்னார்கள். பிறகு தனித்தனியே திரும்பி வந்து, மூன்றாவதாகப் பேருக்கு நின்ற சத்யபாமாவுக்கும் ஒன்று சொன்னார்கள். "யாருக்கும் தெரியக்கூடாதுக்கா!"

சத்யபாமாதான் ஜெயித்தார். இருவரும் ஒரே நேரத்தில் ஓடிவந்தார்கள். செந்தாமரை இரண்டு பேனரையும் அருகருகே விரித்தாள். இரண்டிலும் சத்யபாமாவின் முகம், ஒரே வாசகம்: ‘என்றும் எங்கள் ஒரே தேர்வு!’

"இன்னாக்கா, இப்படி மாட்டி வுட்டுட்டியே!" என்றான் ரகு.

"சத்யபாமா அம்மாவுக்கு இதே மாதிரி இன்னும் ரெண்டு கீது, எடுத்துக்கினு போங்க. தணிகாசலம் அண்ணனும் மாசிலாமணி அண்ணனுமே போன வாரம் தனித்தனியா வந்து சொல்லி வெச்சது."