பல் படாத வெட்டுக்கிளி

அந்த வருஷம் கோடை வந்துவிட்டதை முதலில் சொன்னது மெழுகுதான். பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் பொய்ப்பல் செய்கிறவள் அவள். காலையில் ரோஸ் நிற மெழுகில் ஒரு முன்பல்லை நட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பினாள். இந்தப் பக்கம் திரும்புவதற்குள் பல் தூங்கி வழிகிறவனைப் போலச் சாய்ந்து கிடந்தது. நிமிர்த்தி வைத்தாள். மறுபடி சாய்ந்தது. ஜன்னலைத் திறந்தால் வெயில் பளீரென்று முகத்தில் அடித்தது, எதிர்ச் சுவரின் மேல் ஒரு பூனை நாலு காலையும் நீட்டிக்கொண்டு கிடந்தது. அவளுக்கு உள்ளுக்குள் குபீரென்று சந்தோஷம் பொங்கியது. குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து கட்டிய பூச்சிகளுக்கு இனி வேலை வந்துவிடும்.

பூச்சி என்றால் நிஜப் பூச்சி இல்லை. அவள் வீட்டுக்காரர் டவுன் பஸ் டிரைவர், அவருக்கு மீன் பிடிப்பதென்றால் உயிர். புழுவைக் கோத்துப் போட்டுவிட்டுத் தூங்குகிற ஜாதி இல்லை அவர். கொக்கியில் நூலும் இறகும் சுற்றி ஈயாகவோ வெட்டுக்கிளியாகவோ செய்து, நீளக் கோலால் காற்றில் முன்னும் பின்னும் வீசி, நிஜமான பூச்சி தவறி விழுந்தது போலத் தண்ணீரில் இறக்கி, குளிர்ந்த ஆற்றில் வாழ்கிற டிரவுட் மீனை ஏமாற்றுகிற கூட்டம். பிடித்த மீனை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள். இதற்கா இத்தனை பாடு என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் கடையில் வாங்கி வந்த ஒரு பூச்சியைப் பார்த்து, "இதைவிட நான் நல்லா செய்வேனே" என்று அவள் சொன்னாள். செய்தாள். அவள் கை அப்படி. கண், இறக்கை, மடங்கிய கால் முட்டி எல்லாம் அளந்து வைத்தாற்போல இருக்கும். அன்றிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் அவர் ஆற்றிலிருந்து வாசலுக்கு வந்தவுடன் அவள் கேட்பாள், எத்தனை என்று. உன் பூச்சிக்கு இன்றைக்கு மூன்று, உன் பூச்சிக்கு இன்றைக்கு ஐந்து என்பார் அவர். மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் முதல் பெருக்குகிறவர் வரை எல்லோர் காதிலும் அது விழுந்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்குத் தலைகால் புரியாது.

மெழுகு சாய்ந்த அன்று சாயங்காலம், புது வெட்டுக்கிளிகளை அடுக்கி வைக்க அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தாள். போன வருஷம் அவள் கட்டிக் கொடுத்த பூச்சிகள் வரிசையாக இருந்தன. ஒன்றை எடுத்து, பல் வேலைக்கு வைத்திருக்கிற பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். அடுத்ததை எடுத்தாள். அதற்கடுத்ததை எடுக்கும்போது கை மெதுவாகிவிட்டது. எதிலும் ஒரு கீறல்கூட இல்லை. பெட்டியின் மூலையில் மட்டும் கடையில் வாங்கிய ஒரு கிழட்டுப் பூச்சி, இறகு பிய்ந்து, நூல் அவிழ்ந்து, உடம்பெல்லாம் பொடிப்பொடியாகக் குத்துப்பட்டுக் கிடந்தது. பல் பட்ட இடம் எப்படி இருக்கும் என்று ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும்.

டிரைவர் ஷிஃப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பெட்டியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவர் திருதிருவென்று விழித்தார். வெயில், தண்ணீர், மீனின் குணம் என்று சுற்றி வளைத்தார். கடைசியில் மென்று விழுங்கி உண்மையைக் கக்கினார். மீன் கணக்கெல்லாம் சரிதானாம், பூச்சிதான் வேறாம். அவள் பூச்சிக்கு ஆறு வருஷத்தில் ஒரு மீன்கூட வாய் வைத்ததில்லை. முதல் நாள் வாசலில் அவள் முகத்தைப் பார்த்தபோது இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லையாம். ஒரு தடவை சொன்ன பொய்க்கு அப்புறம் வருஷா வருஷம் சோறு போட்டு வளர்க்க வேண்டியதாகிவிட்டது.

அவள் கத்தவில்லை. பெட்டியைப் படாரென்று மூடினாள்.

"ஞாயித்துக்கிழமை நானும் வரேன்" என்றாள். "ஒரே ஒரு மீனாவது என் பூச்சியை நம்பி வாய் வைக்கணும். இல்லேன்னா இனிமே நான் நூலையே தொடமாட்டேன்."

அவர் தலையாட்டினார். வேறு வழி?

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். ஆற்றங்கரைப் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. கால் வைத்த இடத்திலெல்லாம் வெட்டுக்கிளிகள் பொரிகிற கடுகாகத் தெறித்தன. கோபமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் அவள் வந்திருந்தாள். ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் காலை வைத்ததும், குளிர்ச்சி முழங்கால் வரை ஜிவ்வென்று ஏறியதும், கோபம் கொஞ்சம் பிடி தளர்ந்தது. இத்தனை வருஷம் இந்த மனுஷன் இதைத் தனியாகவா அனுபவித்தார் என்று புதிதாக ஒரு பொறாமை வேறு வந்தது.

டிரைவர் நூலில் கட்டிய வெப்பமானியைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். கோடையில் ஆறு சூடேறிவிட்டால் மீனுக்கு மூச்சு முட்டும், அப்போது அதோடு மல்லுக்கு நிற்பது பாவம். பாதரசம் ஒரு கோட்டைத் தொட்டதும் கோலை மடக்கிவிட வேண்டும் என்பது அங்கே மீன் பிடிக்கிறவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. மூன்று மணி நேரம் இருக்கிறது என்றார்.

அந்த மூன்று மணி நேரத்தில் இரண்டரை மணி நேரம் அவள் மானம் கப்பலேறியது. கரையோரம் ஒரு பாறை நிழலில் புள்ளி போட்ட பெரிய டிரவுட் மீன் ஒன்று நின்றுகொண்டிருந்தது. டிரைவர் அவள் பூச்சிகளை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி வீசினார். மீன் ஒவ்வொரு தடவையும் மேலே வரும், மூக்கால் தொடுகிற தூரத்தில் நின்று பார்க்கும், சாவகாசமாகத் திரும்பிப் போய்விடும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவன் பலகாரத்தைக்கூடத் தொடாமல் எழுந்து போவதுபோல இருந்தது அவளுக்கு. கண்ணில் தண்ணீர் முட்டியது.

அவர் பாவமாகப் பார்த்தார். "என்னோட பழைய பூச்சியைப் போட்டுப் பாக்கட்டுமா?" என்றார். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் காற்று ஒரு நிஜ வெட்டுக்கிளியைத் தூக்கி ஆற்றில் போட்டது. அது மல்லாக்க விழுந்தது. ஒரு கால் எங்கோ, ஒரு கால் எங்கோ, இறக்கை பாதி விரிந்து, உடம்பு கோணிக்கொண்டு தத்தளித்தது. மீன் வந்தது. பார்க்கவெல்லாம் இல்லை, ஒரே வாயில் போட்டுக்கொண்டு போனது.

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். பல் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஹெட்மாஸ்டர் பல்செட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். எல்லாம் அணிவகுப்பு மாதிரி நிற்கிறது, வாயைத் திறந்தாலே பொய்ப்பல் என்று பையன்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்றார். அன்றிலிருந்து அவள் எந்த செட்டிலும் ஒரு பல்லையாவது லேசாகத் திருப்பி வைப்பாள். யாரும் சந்தேகப்பட்டதில்லை. மனுஷ வாய்க்குத் தெரிந்து செய்ததை மீன் வாய்க்குச் செய்யத் தோன்றாமல் போயிற்றே.

பெட்டியிலிருந்து ஒரு வெட்டுக்கிளியை எடுத்தாள். நாலு ராத்திரி உட்கார்ந்து கட்டியது. ஒரு கணம் மனசு வரவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு அதன் ஒரு காலைப் பிடுங்கினாள், இன்னொன்றைப் பல்லால் கடித்துக் கோணலாக்கினாள், இறக்கையை விரலால் கசக்கினாள். டிரைவர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டுங்க" என்றாள். "கோலை நான் பிடிக்கிறேன்."

அவர் கட்டிக் கொடுத்துவிட்டு வெப்பமானியைப் பார்த்தார். கோட்டுக்கு ஒரு மயிரிழைதான் பாக்கி. வீசவெல்லாம் வேண்டாம், புல்லுக்குப் பின்னால் மண்டி போட்டுக் கோலை நீட்டி மெதுவாக இறக்கினால் போதும், மீன் கடித்ததும் வெடுக்கென்று தூக்க வேண்டும் என்று காதோரம் சொன்னார்.

இறக்கினாள். வெட்டுக்கிளி ஒருக்களித்து விழுந்து, வெட்கம் கெட்டுக் காலைப் பரப்பிக்கொண்டு மிதந்தது. பாறை நிழல் அசைந்தது. மீன் தங்க நிறத்தில் மேலே எழுந்தது. நிற்கவில்லை, யோசிக்கவில்லை. அவள் இரண்டு முழத் தூரத்தில் பார்த்துக்கொண்டிருக்க, வாயை ஆவென்று திறந்தது. உள்ளே வெள்ளையாக இருந்தது. ஓரத்தில் பொடிப்பொடியாகப் பல். அவள் வெட்டுக்கிளி அதற்குள் போய் மறைந்தது.

"தூக்கு, தூக்கு" என்று டிரைவர் தவித்தார்.

அவள் தூக்கவில்லை. கை அப்படியே நின்றுவிட்டது. மீன் மென்று பார்த்து, சீ என்று துப்பிவிட்டு ஆழத்துக்குப் போனது.

அவர் தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்துக்கொண்டார். இவ்வளவு பெரிய மீனை இந்த ஆற்றில் அவர் பிடித்ததே இல்லை. "ஏன்மா தூக்கல?" என்றார், அழாத குறையாக.

"பாத்துக்கிட்டே இருந்துட்டேங்க" என்றாள் அவள். "நம்பிடுச்சு. என்னோடதுன்னு தெரியாம, எனக்காகன்னு இல்லாம, அதுவா நம்பிடுச்சு."

சொல்லிவிட்டு ஆற்றில் இறங்கித் தொப்பென்று உட்கார்ந்து சிரித்தாள். புடவை நனைவதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. அவரும் என்ன செய்வார், பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெப்பமானி கோட்டைத் தாண்டிவிட்டது, மறுபடி போட முடியாது.

பிறகு அவர் பெட்டியைத் திறந்து, மூலையில் கிடந்த கடைப் பூச்சியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, உள்ளங்கையை அவள் பக்கம் நீட்டினார்.

"அடுத்த வாரத்துக்கு எனக்கும் ஒண்ணு குடு."

அவள் பெட்டியில் இருப்பதிலேயே அழகானதாகப் பார்த்து எடுத்து, ஒரு காலைப் பிய்த்து அவர் கையில் வைத்தாள்.