அக்கா, ட்யூப்!

விண்வெளி வீரன் அன்றைக்கும் சாகவில்லை. மனிதக் காலடியே படாத ஒரு கிரகத்தில் வீட்டைக் கட்டி, அதற்குள் கீரைப் பாத்தி போட்டு, சாவகாசமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். கட்டிலில் சாய்ந்தபடி டேப்லெட்டில் அவனை ஆட்டிவைத்த அக்கா பெரிதாகக் கொட்டாவி விட்டாள்.

"ஏண்டி, இதுக்கா இவனை இவ்வளவு தூரம் அனுப்புனீங்க? மொத ஒரு மணி நேரம் உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு ஓடுனான். வீட்டைக் கட்டுனதும் மாப்பிள்ளை மாதிரி உக்காந்துட்டான். இதுல என்ன பயம்?"

தங்கைக்குச் சுருக்கென்றது. அந்த விளையாட்டில் ஆபத்துகளை வைப்பதுதான் அவள் வேலை. பதினாலு வகைப் புயல், பாறைக்கு அடியில் பதுங்கும் ஜந்துகள் என்று பார்த்துப் பார்த்து வைத்திருந்தாள். ஆனால் சோதனைக்கு விளையாடிய நாற்பது பேரும் அக்கா சொன்னதையேதான் எழுதியிருந்தார்கள். முன்னேற முன்னேற பயம் போய்விடுகிறதாம். பயம் போனதும் விளையாட்டை மூடிவிடுகிறார்களாம்.

இரண்டு பேருக்கும் வேறு நாதி கிடையாது. அக்கா நூல் மில்லில் பத்தொன்பது வருடம் நின்று இவளைப் படிக்க வைத்தாள்; மில் அவள் நெஞ்சு நிறையப் பஞ்சுத் தூசியைக் கொடுத்து அனுப்பியது. இப்போது அவள் மூச்சு, ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவிலிருந்த நடைவழியில் ஓடும் ஆக்சிஜன் மெஷினிலிருந்து ஒரு நீளமான ட்யூப் வழியாக வந்தது. அக்கா புரண்டு படுத்தால் ட்யூப் மடங்கும், மெஷின் கீச்சுகீச்சென்று அலறும். "அக்கா, ட்யூப்!" என்று இவள் எங்கிருந்தாலும் கத்துவாள். "சரிடி, சரிடி" என்று பதில் வரும், சத்தம் நிற்கும். நாளைக்கு ஏழெட்டுத் தடவை இந்தக் கூத்து நடக்கும். கரண்ட் போனால்தான் ஆபத்து. அப்போது அலறல் ஐந்தே நிமிடம்தான். அதற்கென்று உள்ளே இருக்கும் குட்டி பேட்டரி தீர்ந்ததும் அதுவும் அடங்கிவிடும். அதற்குள் மூலையில் நிற்கும் சிலிண்டரைத் திறந்து யாராவது ட்யூபை மாற்றிவிட வேண்டும். அந்தத் திருகைத் திருப்ப அக்காவின் கையில் தெம்பில்லை. அதற்காகவே பகலில் ஒரு நர்ஸம்மா துணைக்கு வருவார்.

அலுவலகத்தில் அவள் குழுவின் தலைவனுக்கு வயது இருபத்தொன்பது. எந்நேரமும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகியதால் எல்லோருக்கும் அவன் 'தாத்தா'. ஜந்துவை இன்னும் பெரிதாக்கிவிடலாம் என்றான் தாத்தா.

"பெருசாக்குனா அதுக்கேத்த துப்பாக்கி கேப்பாங்க," என்றாள் இவள். "வெளிய எதுவும் வேண்டாம் தாத்தா. அவங்க கட்டுன வீட்டுக்குள்ளயே வைப்போம்."

அப்படித்தான் வைத்தாள். ஒவ்வொரு படி முன்னேறும்போதும் புதிதாக ஓர் அறை கிடைக்கும், அதோடு ஒழுகுவதற்குப் புதிதாக ஒரு குழாயும். ஆரம்பத்தில் அலாரம் நிஜமான ஆபத்துக்கு மட்டும் அடிக்கும். போகப் போக, தூசி படிந்தால் அடிக்கும், கதவு சரியாகச் சாத்தாவிட்டால் அடிக்கும், சும்மாவும் அடிக்கும். எரிச்சலில் ஆள் அதை நிறுத்திப் பழகிவிடுவான். நூறு தடவை அடித்தால் அதில் ஒன்று மட்டும் நிஜம். அதை அவன் கண்டுகொள்ளாமல் விட்டால், ஐந்து நிமிடம் அடித்துவிட்டுத் தானாக நின்றுவிடும். நின்றதும் அப்பாடா என்று கீரைக்குத் தண்ணீர் ஊற்றப் போவான்; காற்றுத் தீர்ந்து அங்கேயே விழுவான்.

அதற்கு ஏற்ற சத்தம் தேடி அலுத்துப்போய், ஒருநாள் அக்காவையே ட்யூபை மடக்கச் சொல்லி மெஷினின் அலறலைப் பதிவு செய்தாள். அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "விளையாட்டு முடியறப்ப பேரெல்லாம் போடுவீங்களே, என் மெஷின் பேரையும் போடுங்கடி!"

முதல் வாரம், அலுவலகத்தில் அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு திக்கென்றது. ஒரு நாளைக்கு இருநூறு முறை கேட்க வேண்டியிருந்தது. இரண்டாவது மாதம் டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள். வீட்டுக் கதை தெரிந்தபின், அலாரம் அடித்தாலே மொத்தக் குழுவும் "அக்கா, ட்யூப்!" என்று கோரஸாகக் கத்திச் சிரிக்கும். அவளும் சிரித்தாள். புதிய சோதனையில் நாற்பது பேரில் முப்பத்தொரு பேர், தாங்கள் செத்துக்கொண்டிருப்பது தெரியாமலே அலாரத்தை அலட்சியம் செய்திருந்தார்கள். "கொன்னுட்டம்மா நீ!" என்று தாத்தா இடுப்பு வலியை மறந்து குதித்தான். அன்று முழுக்க அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

நர்ஸம்மா விடுப்பு எடுத்த நாளில் அவள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். முற்பகல். ஜன்னல் வழியாக நல்ல வெளிச்சம் வந்ததால் விளக்குப் போடவில்லை. குளிருக்கு மின்விசிறியும் தேவைப்படவில்லை. ஹாலில் நடைவழிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, லேப்டாப்பில் கடைசிச் சோதனையை ஓடவிட்டாள். மறுநாள் விளையாட்டு வெளியாகிறது. வீரன் கீரைப் பாத்திக்கு நடந்தான். எங்கோ அலாரம் அடிக்கத் தொடங்கியது.

சத்தம் கொஞ்சம் தள்ளியிருந்து வருவதுபோல் இருந்தது. பக்கத்து அறைக் குழாயாக இருக்கும்; தூரத்துக்கேற்ப ஒலி குறைவது அழகாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பழக்கதோஷத்தில் "அக்கா, ட்யூப்!" என்று ஒரு குரல் கொடுத்தாள். வீரனைத் தோட்டத்துக்குத் திருப்பினாள். இரண்டு இடத்தில் நிழல் சரியில்லை, குறித்துக்கொண்டாள். அலாரம் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

"ஐந்து நிமிடத்தில் அலாரம் தானாக நின்றது. சரி" என்று தட்டச்சு செய்துவிட்டு, வீரன் எத்தனை நொடியில் விழுகிறான் என்று பார்க்கக் காத்திருந்தாள்.

அவன் விழவில்லை. தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தான். அவன் காற்றளவைக் காட்டும் நீலக் கோடு முழுசாக இருந்தது. திரையின் கீழே, இணையம் இல்லை என்று ஒரு சின்னக் குறி. அதன் பக்கத்தில், லேப்டாப் பேட்டரியில் ஓடுகிறது என்று இன்னொன்று.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். இரவும் பகலும் அந்த வீட்டில் ஓயாமல் கேட்கும் மெஷினின் உறுமல் இல்லை. "சரிடி" வந்ததா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

"அக்கா?"

திரும்பினாள். மெஷினின் பச்சை விளக்கு அணைந்திருந்தது. அதிலிருந்து புறப்பட்ட ட்யூப் தரையோடு ஓடி, கதவைத் தாண்டி, கட்டில்கால் ஓரமாக ஏறி, போர்வைக்குள் போயிற்று. எந்த இடத்திலும் அது மடங்கவில்லை.