மோட்டார் எரியவில்லை

விசிறி நின்றுபோனது கூட ஆர்லீனுக்குப் பெரிதாகப் படவில்லை. கணவன் டெல்பர்ட் அது அவள் தப்பு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

வீட்டை விற்றுவிட்டு வண்டியிலேயே குடித்தனம் நடத்துகிற தம்பதி அவர்கள். அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில், இதுபோன்ற வண்டிகள் கூடி நிற்கும் முகாமில், மார்ச் மாதமே வெயில் கொளுத்தத் தொடங்கியிருந்தது. வண்டிக் கூரையில் பதித்த விசிறிதான் உள்ளே சேரும் சூட்டையும் சமையல் புகையையும் வெளியே தள்ளும். அன்று காலை பேக்கன் என்கிற பன்றி இறைச்சியை வறுக்க அடுப்பை மூட்டிவிட்டு சுவிட்சைப் போட்டாள். விசிறி அசையவே இல்லை.

டெல்பர்ட் எழுந்து பார்க்கக்கூட இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே தீர்ப்புச் சொன்னான்.

"நாள் பூரா முழு வேகத்துல ஓட விட்டா எந்த மோட்டார் தாங்கும்? எரிச்சுட்ட."

சொல்லிவிட்டு காபிக் கோப்பையோடு வெளியே போனான். மதியம் ஆர்லீன் தண்ணீர் பிடிக்கப் போனபோது, பக்கத்து வண்டி நடீன் அவள் தோளைத் தட்டி, மோட்டாரை எரித்துவிட்டதை டெல்பர்ட் சொன்னதாகவும், தானும் ஒரு தடவை அடுப்பில் சட்டியை மறந்து கருகவிட்டதாகவும் ஆறுதல் சொன்னாள். ஆர்லீனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆறுதலா? எதற்கு?

திரும்பி வந்து மின்சாரம் சோதிக்கும் தன் மீட்டரை எடுத்தாள். விசிறிக்கான ஃபியூஸ் போயிருந்தது. புதிதாக ஒன்றைச் செருகினாள்; அதுவும் உடனே போனது. மோட்டார் எரிந்ததற்கு அதுதான் சாட்சி என்றான் டெல்பர்ட். அவள் ஸ்டூலில் ஏறி, கூரை மூடியைக் கழற்றி, விசிறியை ஒயரிலிருந்து பிரித்தாள். மறுபடி ஒரு ஃபியூஸ் போட்டாள். விசிறியே இணைப்பில் இல்லை. அப்படியும் ஃபியூஸ் போனது. பிறகு விசிறியை இறக்கி நேராக பேட்டரியில் இணைத்தாள். ஜம்மென்று சுற்றியது.

"இதுவா எரிஞ்ச மோட்டார்?" என்றாள்.

டெல்பர்ட் தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

கோளாறு ஒயரில்தான். அது கூரையிலிருந்து சுவருக்குள் இறங்கும் வழியை அவள் கையால் தடவிக்கொண்டே வந்தாள். முந்தின நாள் டெல்பர்ட் தன் தொப்பிகளை மாட்டுவதற்காக முடுக்கிய பலகையில் கை வந்து நின்றது. பலகையைக் கழற்றினாள். நடு ஸ்க்ரூ துளைத்த இடத்தில் இரண்டு ஒயரும் குத்துப்பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

அவன் எட்டிப் பார்த்தான். "இந்த இடத்துல எவன் ஒயரக் கொண்டுபோனான்? வண்டி செஞ்சவனுக்கு அறிவே இல்ல."

அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. வண்டி செஞ்சவனாம். ஒரு மன்னிப்புக்கு இவன் வாயில் இடமில்லை.

"என்னப் பத்தி எல்லார்கிட்டயும் சொன்னேல்ல? இதையும் போய்ச் சொல்லு."

அவன் முனகிக்கொண்டே போனான். அவள் நைந்த இடத்தை வெட்டி, புது ஒயர் சேர்த்து, டேப் சுற்றி, விசிறியை மேலே மாட்டினாள். சுற்றியது. சன்னல் வழியாக அவன் குரல் கேட்டது. ஒயரில் ஏதோ சின்னக் கோளாறு என்று நடீனிடமும் அவள் கணவனிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். "தேடிக் கண்டுபிடிச்சுட்டோம்."

கண்டுபிடிச்சுட்டோமா? ஆர்லீன் ஸ்க்ரூடிரைவரும் கையுமாகப் படியிறங்கினாள்.

"கண்டுபிடிச்சது நான். ஒயர்ல ஸ்க்ரூவ முடுக்கினது இந்த மனுஷன். மோட்டாரும் எரியல, நான் எரிக்கவும் இல்ல."

நடீன் தன் கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். டெல்பர்ட்டின் காது சிவந்தது. "தப்பு என்னோடதுதான்," என்றான், மெதுவாக.

"அவங்களுக்குக் கேக்கல," என்றாள் ஆர்லீன்.

அவன் உரக்கச் சொன்னான். கோபம் முழுக்க இறங்கவில்லை அவளுக்கு. ஆனாலும் உள்ளே போய், ஆறிக் கிடந்த பேக்கனைச் சூடுபண்ண அடுப்பைப் பற்றவைத்தாள்.